எழுத்துக்கு இடம் கொடுக்காத அறிவிப்புகள்

எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்தை நோக்கி வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் எண் பலகைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. அந்தப் பலகையில் எழுத்தும் எண்ணும் 65 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும், கோட்டின் தடிமன் 10 மில்லிமீட்டர், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 10 மில்லிமீட்டர் இடைவெளி என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 51ஆம் விதி கறாராகச் சொல்கிறது. ஓடுகிற வண்டியின் எண்ணைத் தள்ளி நிற்பவரும் படித்துவிட வேண்டும் என்பதால் இந்தக் கவனம். கடையில் வாங்கும் பிஸ்கட் பாக்கெட்டுக்கும் இப்படி ஒன்று உண்டு. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி அதில் அச்சிடும் விவரங்களின் எழுத்து 1 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது. எழுத்தின் அகலம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது.

அதே 1989இல் இன்னொரு விதித்தொகுப்பும் வந்தது. அபாயகரமான வேதிப்பொருள்களின் உற்பத்தி, இருப்பு, இறக்குமதி பற்றியது அது. போபாலில் மக்கள் செத்த பிறகு எழுதப்பட்டது. ஆலைச் சுவருக்கு வெளியே, பெரும் விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய இடத்தில் இருப்பவர்களுக்கு ஆபத்து எப்படிப்பட்டது, அப்போது செய்ய வேண்டியது என்ன, செய்யக் கூடாதது என்ன என்பதை ஆலை நடத்துபவர் நேரடியாகவோ மாவட்ட அதிகாரிகள் வழியாகவோ தெரிவிக்க வேண்டும் என்கிறது அதன் 15ஆம் விதி. நல்ல விதி. ஆனால் அந்தத் தகவலை எந்த அளவு எழுத்தில், வரிக்கு வரி எவ்வளவு இடம் விட்டு எழுத வேண்டும் என்று அது எதையும் கேட்பதில்லை. லாரி எண்ணுக்குக் கிடைத்த மில்லிமீட்டர் அக்கறை மணலியிலும் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் குடியிருப்பவர்களின் உயிரைப் பற்றிய வாக்கியங்களுக்குக் கிடைக்கவில்லை.

அந்த வாக்கியங்கள் இன்று பெரும்பாலும் செல்பேசித் திரையில்தான் வந்து சேர்கின்றன. வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கை, ஹைதராபாதிலிருந்து கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் மீன்வளப் பகுதி அறிவிப்பு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கருத்துக்கேட்புக் கூட்ட அறிவிக்கை எல்லாமே இணையப் பக்கமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ கிடைக்கின்றன. இவை தமிழில் வேண்டும் என்று நெடுங்காலம் கேட்டோம், பலவற்றில் பெற்றும்விட்டோம். தமிழில் இருப்பது முதல் படி. அதைப் படிக்க முடிய வேண்டும் என்பது அடுத்த படி. அந்த அடுத்த படியைத் தீர்மானிப்பவை எழுத்துரு, எழுத்தளவு, வரி இடைவெளி, சொல் இடைவெளி. இவற்றை அழகு சார்ந்த விஷயமாக நினைத்து வடிவமைப்பாளரின் ருசிக்கு விட்டுவைத்திருக்கிறோம். தகவல் பெறும் உரிமையில் இவற்றுக்கும் இடம் உண்டு என்பது என் வாதம்.

*

திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலின் கல்வெட்டுகளில் சோழர் காலத்தவையும் இராஷ்டிரகூடர் காலத்தவையும் இருக்கின்றன. வியாகரணம் கற்பிப்பதற்கென்றே ஒரு மண்டபமும் நிவந்தமும் இருந்த கோயில் அது. இலக்கணம் அத்தனை மதிக்கப்பட்ட அந்த இடத்திலும் கல்லில் பொறித்த தமிழில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. மெய்யெழுத்தின் புள்ளியும் அநேகமாக இருக்காது. எகரத்தையும் ஏகாரத்தையும் வரிவடிவத்தைக் கொண்டு பிரித்தறிய முடியாது. ஓலையிலும் அதே கதைதான். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பார்கள். படிப்பவருக்கு மொழியும் பொருளும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துச் சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தெரிந்தவர் தெரிந்ததை நினைவுகூர அந்த எழுத்து முறை போதுமானதாக இருந்தது. ஐரோப்பாவிலும் பழைய லத்தீன் ஏடுகள் இடைவெளி இல்லாமல்தான் எழுதப்பட்டன. ஏழாம் நூற்றாண்டை ஒட்டி, லத்தீன் தாய்மொழியாக இல்லாத ஐரிஷ் துறவிகள் சொற்களைத் தள்ளித் தள்ளி எழுதத் தொடங்கினார்கள் என்று பால் சேங்கர் தம் ஆய்வில் காட்டுகிறார். புதிதாகப் படிக்க வருபவருக்காகப் பிறந்தது இடைவெளி.

தமிழில் அந்த வேலையை அச்சு செய்தது. ஆனால் அச்சுக்கு இன்னொரு நெருக்கடி இருந்தது: காகிதம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் தொடங்கியபோது ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 1713இல் வந்து சேர்ந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் இருக்கிற காகிதம் போதாது. அதனால் அச்சகத்திலேயே ஆட்லர் என்பவர் சிறிய எழுத்துகளை வார்த்தார். பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கி வார்த்ததாகச் சொல்வதுண்டு. 1761இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயப் படை அங்கிருந்து கொண்டுவந்த அச்சு இயந்திரம் ராயபுரத்துக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் வேப்பேரியில் மிஷனரி பாப்ரிசியுஸ் கைக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தின் ஹன்ட் தமிழ் எழுத்தை இன்னும் சிறிதாக்கினார். 1862இல் அங்கே அச்சான வின்ஸ்லோவின் அகராதி 67,000க்கு மேற்பட்ட சொற்களை ஒரே தொகுதியில் அடக்கியது. 

தரங்கம்பாடி தொடங்கி வின்ஸ்லோவின் அகராதி வரையிலான நூற்றைம்பது ஆண்டுத் தமிழ் அச்செழுத்து வரலாறு பெரிதும் எழுத்தைச் சிறிதாக்கிய வரலாறுதான். காகிதம் விலை அதிகம், காரணம் நியாயமானது. உலோக அச்சில் ஒவ்வொரு அளவுக்கும் எழுத்தைத் தனியே வெட்டுவார்கள் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும். சிறிய அளவுக்கு வெட்டும் கைவினைஞர் ‘ண’வின் சுழிகளைச் சற்றுத் திறந்து விடுவார், புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக வைப்பார். திரையில் அப்படி நடப்பதில்லை. தலைப்புக்கு வரைந்த அதே உருவம்தான் அடிக்குறிப்புக்கும் சுருங்கி வருகிறது. காகிதச் செலவு போய்விட்டது. சிறிதாக்கும் பழக்கம் மட்டும், அதைத் தாங்கவைத்த கைவினை இல்லாமல், தொடர்கிறது.

இடைவெளியின் வரலாற்றில் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது 1950களில் சென்னையில் நடந்த ஒரு காரியம். ஏல நிறுவனம் நடத்திய மர்ரே எஸ். ராஜம், தமிழறிஞர்கள் பலரை அமர்த்தி, பழைய இலக்கியங்களைச் சந்தி பிரித்து, நிறுத்தக்குறி இட்டு, மலிவு விலையில் பதிப்பித்தார். பாட்டில் ஒரு சொல்கூட மாறவில்லை. எந்த இடத்தில் ஒரு சொல் முடிகிறது, எந்த இடத்தில் அடுத்தது தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவே. சந்தியைக் கலைப்பது பாட்டைக் கெடுப்பது என்று வருந்தியவர்களும் இருந்திருப்பார்கள். ஓசை விஷயத்தில் அவர்கள் வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஆசிரியர் துணையில்லாமல் ஒரு சாதாரண வாசகர் சங்கப் பாடலை எடுத்துப் படிக்கலாம் என்ற நிலையை அந்தப் பதிப்புகள் கொண்டுவந்தன. இடைவெளி என்பது வாசகரின் பக்கம் நின்று எடுக்கும் முடிவு என்பதற்குத் தமிழில் இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

*

1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு, பெரியார் 1935 முதல் தம் ஏட்டில் கையாண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. ‘சென்னை’ என்ற சொல்லின் ‘னை’ அவற்றில் ஒன்று; அதற்கு முன் துதிக்கை போல் வளைந்த கொக்கியோடு ஒரே எழுத்தாக இருந்தது. கற்பவருக்கும் தட்டச்சுக்கும் அச்சுக்கோப்பவருக்கும் எளிதாயிற்று. கணினிக்கு அதன்பின் நடந்தது அவ்வளவு எளிதாக இல்லை. 1990களில் ஒவ்வொரு நாளிதழும் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிக் குறியாக்கம் வைத்திருந்தன. ஒரு இதழின் இணையப் பக்கத்தைப் படிக்க அதன் எழுத்துருவை முதலில் இறக்கிக்கொள்ள வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் கொண்டுவந்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு யுனிகோடு தமிழைத் தந்தது. ஆப்பிள் கணினிகளுக்கு முத்து நெடுமாறனின் இணைமதி போயிற்று. 2010 ஜூனில் தமிழக அரசு யுனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது.

பதினைந்து ஆண்டுகள் ஆன பிறகும் அரசு அலுவலகங்களிலிருந்து பழைய வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணங்கள் பிடிஎஃப் ஆக வருவது நிற்கவில்லை. பார்க்கத் தமிழாக இருக்கும். நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஆங்கிலக் குறிகளின் குப்பை வரும். தேடினால் கிடைக்காது. பார்வையற்றவரின் திரை வாசிப்பான் அதைப் படிக்க முடியாமல் தடுமாறும். எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளைத் திரை அகலத்துக்கு மடித்துக்கொள்ளவும் வழி இருக்காது. முத்திரையிட்டுக் கையெழுத்துப் போட்ட காகிதத்தைச் சாய்வாக ஸ்கேன் செய்து ஏற்றும் வழக்கம் இதைவிட மோசம். இப்படிப்பட்ட கோப்பில் எழுத்துருவையும் இடைவெளியையும் பற்றிப் பேசவே இடமில்லை. ஆகவே அறிவிப்பு யுனிகோடில், இணையப் பக்கமாக இருக்க வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வைத்துக்கொள்கிறேன். இனிச் சொல்லப்போவதெல்லாம் அது நிறைவேறினால் மட்டுமே பொருந்தும்.

*

ஒரு பக்கம் தமிழைத் தாங்குகிறதா என்று பார்க்கச் சோதனைச் சொற்களைத் தேடி எங்கும் போக வேண்டாம். வடசென்னையின் ஊர்ப்பெயர்களே போதும்.

‘எண்ணூர்’ நான்கே எழுத்து. அதில் ‘ண்’ அகலம், ‘ணூ’ இன்னும் அகலம். தமிழின் மிக அகலமான எழுத்துகளில் அது ஒன்று. தலைக்கு மேல் இரண்டு புள்ளிகள். ‘திருவொற்றியூர்’ ஏழு எழுத்து. கணினிக்கு உள்ளே அது 14 குறிகள். ‘தி’யிலும் ‘றி’யிலும் கொக்கி மேலே ஏறுகிறது. ‘ரு’வும் ‘யூ’வும் அடிக்கோட்டைத் தாண்டிக் கீழே இறங்குகின்றன. ‘வொ’வில் ஒரு குறி முன்னும் ஒன்று பின்னும் நிற்கிறது. ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் பெரும்பாலானவை ஒரு நடுப்பட்டைக்குள் அடங்கிவிடும். மேலே நீள்பவையும் கீழே நீள்பவையும் சில. தமிழில் மேலும் கீழும் குறிகள் வராத சொல்லே அபூர்வம். ஆகவே வரி நெருங்கினால் மேல்வரியின் ‘யூ’ கீழ்வரியின் புள்ளியோடு போய் மோதும்.

புள்ளி எங்கே சேர்ந்தது என்று கண் ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கம் ஒரு வரியில் தெரியாது. ஒரு பக்கம் முழுக்கச் சேரும்போது வாசகர் கீழே வைத்துவிடுவார். எழுத்துகள் நெருங்கி நிற்கும்போது ஒவ்வொன்றையும் தனியே அடையாளம் காண்பது கண்ணுக்கு ஏன் கடினமாகிறது என்பதை டச்சு ஆய்வாளர் ஹெர்மன் பௌமா 1970இல் அளந்து காட்டினார். பார்வையின் மையத்திலிருந்து விலக விலக, எழுத்துக்கு எழுத்து அதிக இடைவெளி தேவைப்படுகிறது. குறிகள் அடர்ந்த ஒரு எழுத்துமுறைக்கு அந்த நெருக்கடி கூடுதல் என்பதை ஊகிக்கப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை.

பொருள் மாறும் இடங்களும் உண்டு. ‘எரி’க்கும் ‘ஏரி’க்கும் நடுவே உள்ள வேறுபாடு ஒரு சிறு கோடு. ‘ஒ’வுக்கும் ‘ஓ’வுக்கும் நடுவே ஒரு சுழி. ‘பொது’, ‘போது’ இரண்டையும் பிரிப்பது கொம்பின் தலையில் இருக்கும் ஒரு வளைவு. 12 பிக்சல் அளவில், தடித்த எழுத்தில், இவை எல்லாம் அடைபட்டுப் போகின்றன. சில எழுத்துருக்களில் துணைக்காலும் ‘ர’வும் அந்த அளவில் ஒன்றாகவே தெரியும். ஏரியை ஒட்டி எரிவாயுக் குழாய் போகிற ஊரில் இதைச் சிறு விஷயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்படி ஆவதற்கு ஒரு சாதாரணக் காரணம் இருக்கிறது. பக்கத்தை வடிவமைப்பவர் ஆங்கிலத்தில் வடிவமைக்கிறார். ஏதோ ஒரு லத்தீன் எழுத்துருவைக் குறிக்கிறார். எழுத்தளவு 14 பிக்சல், வரி இடைவெளி 1.2 மடங்கு என்று, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் கட்டளையில் வைக்கிறார். ஆங்கிலத்துக்கு அது சரியாகவே இருக்கும். பிறகு அதே அச்சில் தமிழை ஊற்றுகிறார்கள். அந்த லத்தீன் எழுத்துருவில் தமிழ் இல்லை என்பதால் வாசகரின் கருவி தன்னிடம் இருப்பதை எடுத்துப் போடுகிறது: ஆண்ட்ராய்டில் நோட்டோ, விண்டோஸில் நிர்மலா, ஆப்பிளில் தமிழ் சங்கம். அளவிலும் உயரத்திலும் இவை ஒன்றுபோல் இல்லை. வடிவமைத்தவர் பார்த்த பக்கம் ஒன்று, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒருவர் கையில் விரியும் பக்கம் வேறொன்று.

திருத்தம் கடினமானதும் இல்லை. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறித்துவிட்டு, தமிழுக்கு மட்டும் தனி எழுத்துரு, தனி எழுத்தளவு, தனி வரி இடைவெளி கொடுக்கலாம். என் கணிப்பில் செல்பேசியில் தொடர் உரைக்கு 17 அல்லது 18 பிக்சலுக்குக் குறையாத எழுத்தும், அதன் 1.6 முதல் 1.8 மடங்கு வரி இடைவெளியும் வேண்டும். நல்ல தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிரியா ரவிச்சந்திரன் வரைந்த காட்டமரான் ஒன்பது தடிமன்களில் இருக்கிறது. முக்தா மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை என்று தேர்ந்துகொள்ளப் பல உண்டு. வடமொழிக்கான எழுத்துருவைப்போலக் கூட்டெழுத்துகளைச் சுமக்க வேண்டியதில்லை என்பதால் தமிழ் எழுத்துருக் கோப்பு சிறியது. பக்கத்தில் செருகும் ஒரு புகைப்படத்தின் அளவுகூட வராது. ஆகவே இணைய வேகத்தைக் காரணம் காட்டி அதை ஒதுக்க முடியாது.

வரியை இருபுறமும் சமன் செய்யும் வழக்கத்தைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். கணக்கைப் பாருங்கள். சாதாரணச் செல்பேசித் திரையின் அகலம் சிஎஸ்எஸ் கணக்கில் 360 பிக்சல். இருபுறமும் 16 விட்டால் மிச்சம் 328. 16 பிக்சல் எழுத்தில் அந்த அகலத்துக்கு ஏறத்தாழ 20 முதல் 25 தமிழ் எழுத்துகள்தான் கொள்ளும். ‘திருவொற்றியூரிலிருந்து’ என்ற ஒரே சொல் 11 எழுத்து, வரியில் பாதி. அதற்குப் பின்னால் ‘காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு’ வந்தால் இரண்டாவது சொல் அந்த வரியில் கொள்ளாது. இடமும் வலமும் நேராக நிற்க வேண்டும் என்று கட்டளையிட்டிருந்தால் மிஞ்சிய இடம் முழுவதும் இரண்டு சொற்களுக்கு நடுவே பள்ளமாக விழும். பத்தி முழுக்க வெள்ளைக் கால்வாய்கள் ஓடும். அச்சுக்கோத்த காலத்து நாளிதழின் குறுகிய பத்தியில் இது அவ்வளவாக நேர்ந்ததில்லை; அச்சுக்கோப்பவர் சொல்லை வேண்டிய இடத்தில் முறித்து அடுத்த வரிக்குத் தள்ளுவார். புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்காமல் பார்த்துக்கொள்வார். உலாவிக்கு அந்தப் பயிற்சி இல்லை. பழக்கித் தராத வரையில் இடப்பக்கம் மட்டும் சீராக, வலப்பக்கம் சொல் முடிகிற இடத்தில் முடிய விடுவதுதான் தமிழுக்கு நல்லது. பக்கம் ஒழுங்காகத் தெரியவில்லை என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். அது படிப்பவருக்கு ஒழுங்காக இருக்கும்.

எழுத்துக்கு எழுத்து இடைவெளியைக் கூட்டுவதும் தமிழில் ஆபத்து. ஆங்கிலத் தலைப்புகளில் எழுத்துகளைத் தள்ளி வைப்பது ஒரு பாணி. அதே கட்டளை தமிழ்த் தலைப்புக்கும் போனால் கொம்பும் காலும் தம் எழுத்திலிருந்து விலகி நிற்பதுபோல் கண்ணுக்குப் படும். ‘க்ஷ’ இரண்டாக உடையவும் கூடும். சாய்வெழுத்து தமிழ் மரபிலேயே இல்லை. உலாவி அதை வலிந்து சாய்க்கும்போது ‘ழ’வும் ‘ற’வும் தள்ளாடும்.

நிறத்தைப் பற்றி ஒன்று. வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து இப்போதைய மோஸ்தர். உலக அளவில் ஏற்கப்பட்ட இணைய அணுகல் வழிகாட்டுதல்கள், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற அளவில் ஒளி வேறுபாடு வேண்டும் என்கின்றன. குளிரூட்டிய அறையில் அதற்குக் குறைவானதையும் படிக்க முடியும். மீன்பிடித் துறைமுகத்தில், உச்சி வெயிலில், உப்பு படிந்த கண்ணாடித் திரையில் படிப்பவருக்கு 4.5 என்பதே போதாது. கறுப்பு எழுத்து அங்கே தேவை.

*

கடல் எச்சரிக்கையில் படிக்க எளிமை என்பது நம் துறைமுகங்களுக்குப் புதிதல்ல. புயல் சின்னம் உருவானால் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்று முதல் 11 வரை எண்கள். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். தொலைவில் படகில் இருப்பவர் உருவத்தைக் கொண்டே அறிய வேண்டும் என்று, பார்ப்பவரின் தூரத்தையும் வெளிச்சத்தையும் கணக்கில் எடுத்து அமைத்த குறிமுறை அது. இன்று அந்த இடத்தில் செல்பேசி வந்திருக்கிறது. இன்காய்ஸ் அறிவிப்பு எந்தக் கரையிலிருந்து, எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டரில், எத்தனை மீட்டர் ஆழத்தில் மீன் கூடலாம் என்பதைத் தமிழிலும் சொல்கிறது. பயனுள்ள தகவல், டீசல் மிச்சமாகும். ஆனால் இப்படிப்பட்ட விவரங்களுக்கு இயல்பான வடிவம் அட்டவணை. பல நெடுவரிசை கொண்ட அட்டவணை செல்பேசியில் விரலால் விரித்து நகர்த்தி நகர்த்திப் படிக்க வேண்டியதாகிவிடுகிறது. ஒவ்வொரு இடத்துக்கும் திசை, தூரம், ஆழம் மூன்றையும் தனித்தனி வரியாக, எண்ணைப் பெரிதாக்கி அடுக்கினால் ஒரு கையில் படித்துவிடலாம்.

2023 டிசம்பரில் இந்தப் பகுதி அடுத்தடுத்து இரண்டு இடிகளைத் தாங்கியது. மிக்ஜாம் புயல் மழையோடு மணலியின் எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து படகிலும் வலையிலும் அலையாத்தியிலும் ஒட்டியது. 26ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூரின் உர ஆலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து தெருவில் ஓடினார்கள். பலர் மருத்துவமனை போக வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில் யாரும் இணையப் பக்கம் படிக்க உட்காரமாட்டார்கள். படிக்க வேண்டியது முன்பே, அமைதியான நாளில்: காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்தப் பக்கம் போக வேண்டும், ஈரத்துணியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பவை. வேதிப்பொருள் விதிகளின் 15ஆம் விதி கேட்கும் தகவல் அதுதான். அமைதியான நாளில் படிக்கிற வாசகர் அவசரம் இல்லாதவர். எழுத்து நெருங்கித் தெரிந்தால் படிக்காமலேயே விட்டுவிடுவார்.

கருத்துக்கேட்பில் விஷயம் இன்னும் கூர்மையாகிறது. 2006 செப்டம்பர் 14ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்பும், அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியிலும் வேண்டும் என்கிறது. முழு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆங்கிலத்தில் இருக்கும். ஆக, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் கையில் இருப்பது சுருக்கம் மட்டுமே. அந்தச் சுருக்கம் அதிகபட்சம் பத்து ஏ4 பக்கம் என்று அதே அறிவிக்கையின் பின்னிணைப்பு வரம்பு கட்டுகிறது. வரம்பு சொல்லில் இல்லை, பக்கத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் பத்துப் பக்கத்தை நிரப்பும் உரை தமிழில் கூடுதல் இடம் கேட்கும். அதைப் பத்துக்குள் திணிக்க எளிய வழி எழுத்தைச் சிறிதாக்கி வரியை நெருக்குவது. 6,000 ஏக்கருக்கு மேல் பரப்பை எடுத்துக்கொள்ளும் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்குக் கருத்துக்கேட்பு 2021 ஜனவரி 22 என்றும், பின்னர் 2023 செப்டம்பர் 5 என்றும் அறிவிக்கப்பட்டு இருமுறையும் தள்ளிப்போனது. கொற்றலை ஆற்றிலும் பழவேற்காட்டு ஏரியிலும் தொழில் செய்பவர்களின் வாழ்வு பத்துப் பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்பதே போதுமான நெருக்கம். எழுத்தும் நெருங்க வேண்டியதில்லை. தரங்கம்பாடியில் ஆட்லருக்குக் காகிதம் இல்லாத குறை இருந்தது. இணையத்தில் ஏற்றும் கோப்புக்கு அப்படி எந்தக் குறையும் கிடையாது.

அரசுத் தளங்களுக்கென்று வழிகாட்டுதல் இல்லாமல் இல்லை. 2009இல் முதலில் வந்த இந்திய அரசு இணையதள வழிகாட்டுதல்கள் 2023இல் மூன்றாம் பதிப்பாகத் திருத்தப்பட்டு, உலக அணுகல் வழிகாட்டுதல்களின் 2.1ஆம் பதிப்பை ஒட்டி அமைந்தன. அந்த 2.1 பதிப்பு, வாசகர் தம் கருவியில் வரி இடைவெளியை 1.5 மடங்காகவும் பத்தி இடைவெளியை 2 மடங்காகவும் மாற்றிக்கொண்டால் பக்கம் குலைந்துபோகக் கூடாது என்று கேட்கிறது. கவனியுங்கள்: வாசகர் மாற்றிக்கொண்டால். மாற்றும் வழி தெரிந்தவர்கள் வெகு சிலர். தமிழ்ப் பக்கத்துக்கு முதலிலேயே எவ்வளவு இடைவெளி வைக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். யுனிகோடு எழுத்துருக்களை இலவசமாகப் பரப்பிய தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கு இது கை வந்த வேலை. எழுத்தளவு, வரி இடைவெளி, இடச்சீர், ஒளி வேறுபாடு என்று ஒரே பக்கத்தில் ஒரு தரநிலை வெளியிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மீன்வளத் துறையும் அதைப் பின்பற்ற வேண்டும் என்று அரசு ஆணையிட்டால் போதும். பணம் அதிகம் ஆகாது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு செல்பேசி ஒன்றில் பக்கத்தைத் திறந்து, காசிமேட்டில் நண்பகலில், கண்ணாடி அணியும் வயதுள்ள நாலு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது இறுதிச் சோதனையாக இருக்கட்டும்.

ஆணை வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழும் ஆட்சேபங்களைக் குறிப்பில் பதிய வேண்டும், திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனம் இறுதி அறிக்கையில் அவற்றைக் கவனித்துப் பதில் தர வேண்டும் என்பது 2006 அறிவிக்கையின் நடைமுறை. தமிழ்ச் சுருக்கத்தைப் படிக்க முடியவில்லை என்பதும் ஆட்சேபம்தான். எந்தப் பக்கத்தில் எழுத்து எத்தனை புள்ளி அளவு, எந்த அட்டவணை செல்பேசியில் திறக்கவில்லை, எந்தக் கோப்பு யுனிகோடில் இல்லை என்று குறிப்பிட்டு, படிக்கும்படி மறுபடி வெளியிட்டு அதற்குப் பிறகு 30 நாள் தர வேண்டும் என்று கேட்டு, குப்பத்தின் பெயரில் எழுத்தில் கொடுக்கலாம்.